அடிபட்டவரே வாதி

1770 அக்டோபர் 28. இங்கிலாந்தில் மில்போர்ன் போர்ட் என்ற சிற்றூரில் சந்தை நாள். பொழுது சாய்ந்த நேரத்தில் ஷெப்பர்ட் என்பவர் பற்றவைத்த வெடியொன்றைச் சந்தைக் கூடத்துக்குள் வீசினார். அது இஞ்சி ரொட்டி விற்றுக்கொண்டிருந்த யேட்ஸின் கடையில் விழுந்தது. பக்கத்தில் நின்ற வில்லிஸ் தன்னையும் சரக்கையும் காப்பாற்ற அதை எடுத்து எறிந்தார். அது ரயாலின் கடையில் போய் விழ, அவரும் பதறித் தூக்கி வீசினார். எதிரே நின்ற ஸ்காட்டின் முகத்தில் பட்டு வெடித்தது. அவருக்கு ஒரு கண் போயிற்று.

பேளுக்குறிச்சி வாரச்சந்தையை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சியை மனத்தில் கொண்டுவருவது சிரமமில்லை. கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் இவ்வூர்ச் சந்தை செலவுச் சாமான்களுக்குப் பேர்போனது. மிளகு, சீரகம், மல்லி, வெந்தயம், வத்தல் என்று ஒரு வருஷத்துக்கு வேண்டியதை மொத்தமாகக் கட்டிக்கொண்டு போக வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். மூட்டைக்கு மூட்டை ஒட்டியிருக்கும் அந்த இடத்தில் திரி எரியும் வெடி ஒன்று வந்து விழுந்தால் யாரும் நின்று யோசிக்கமாட்டார்கள், எடுத்து வீசத்தான் செய்வார்கள். யார் கையிலிருந்து கடைசியாக வந்ததோ அவரைப் பிடித்து நாலு சாத்துச் சாத்துவதுதான் கூட்டத்தின் வழக்கம்.

1773இல் தீர்ப்புச் சொன்ன நீதிமன்றம் முதலில் வீசியவரைப் பிடித்தது. இடையில் எறிந்த இருவரும் உயிர்ப் பதற்றத்தில் செய்தவர்கள், சொந்தமாக முடிவெடுக்க அவர்களுக்கு நேரமே இல்லை, எனவே ஷெப்பர்டின் செயல் ஸ்காட்டின் கண்வரைக்கும் அறுபடாமல் போகிறது என்றனர் பெரும்பான்மை நீதிபதிகள். பிளாக்ஸ்டன் மட்டும் ஒப்பவில்லை. காயம் நேராக வரவில்லை, ஆகவே வேறு வகையில் வழக்குப் போட்டிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. சட்ட மாணவர்கள் இன்றும் இதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். நமக்கு இங்கே முக்கியமானது வேறொன்று. ஷெப்பர்டுக்கு ஸ்காட்டின்மேல் எந்தப் பகையும் கிடையாது, அவரைக் குறிபார்த்து வீசவும் இல்லை. ஆனாலும் நட்டஈடு கொடுக்க வேண்டியிருந்தது.

வேண்டுமென்றே இழைக்கும் தீங்குகளைப் பற்றிய சட்டத்தில் முதலில் பிடிபட வேண்டிய சூட்சுமம் இதுதான். ‘வேண்டுமென்றே’ என்றவுடன் நமக்கு வன்மம், பழி, முன்பகை எல்லாம் நினைவுக்கு வருகின்றன. சட்டம் அவ்வளவு தூரம் உள்ளே போவதில்லை. கை நீண்டது தானாக நீண்டதா, நீட்டி நீண்டதா? நீட்டியவருக்கு அதன் விளைவு இன்னதென்று தெரியுமா? இவ்வளவுதான் கேள்வி. 1955இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்குப் போனது. ஒரு பெண்மணி உட்காரப் போகும்போது ஆறு வயதுகூட நிரம்பாத பையன் நாற்காலியை நகர்த்திவிட்டான். விழுந்தவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பையனுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததா என்று நீதிமன்றம் ஆராயவில்லை. அவர் உட்காரப் போகிறார் என்பது அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தால் போதும், அதுவே எண்ணம் என்றது.

நம்மூர் வரப்புத் தகராறுகளில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். மலைச்சரிவில் எல்லைக்கல் புதைந்துபோன காடு. ஒருவர் தன்னுடையதென்று மனதார நம்பி அடுத்தவர் மிளகுக் கொடியில் காய் பறித்துவிடுகிறார். அவர் திருடரல்ல. குற்றவியல் சட்டத்தில் நேர்மையற்ற எண்ணம் இல்லாமல் திருட்டே கிடையாது. நட்டஈட்டுக்கு வழிசெய்யும் தீங்கியல் (tort) சட்டத்தில் அவர் தப்ப முடியாது. 1681இலேயே இங்கிலாந்தில் ஒருவர் எல்லை தெரியாமல் பக்கத்து நிலத்துப் புல்லை அறுத்துவிட்டு, தவறுதலாக நடந்ததென்று வாதாடினார். அறுப்பது என்ற செயலை அறிந்துதானே செய்தாய் என்று சொல்லி வாதத்தைத் தள்ளிவிட்டார்கள்.

இரண்டாவது சூட்சுமம், இந்த வகைத் தீங்குகளுக்கு இழப்பை நிரூபிக்க வேண்டியதில்லை என்பது. கவனக்குறைவால் வரும் தீங்கில் என்ன நட்டம் என்று காட்டினால்தான் வழக்கு நிற்கும். வேண்டுமென்றே மேலே கை வைத்ததற்கு அது தேவையில்லை. கோபத்தில் லேசாகத் தொட்டாலும் அது தாக்குதலே என்று 1704இல் தலைமை நீதிபதி ஹோல்ட் சொன்னார். சந்தை நெரிசலில் தோளில் உரசிப் போவது இதில் சேராது. அப்படி உரசுவதற்குச் சந்தைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டே வருகிறார்கள். எடை குறைகிறதே என்று கேட்ட பெண்ணின் கையைத் தட்டிவிடுவது அப்படியல்ல. சிராய்ப்பு, மருத்துவச் சீட்டு, தையல் எதுவும் இல்லாவிட்டாலும் அந்தப் பெண்ணுக்கு வழக்கு உண்டு. காயத்தைவிட உடம்பின் எல்லையைத்தான் சட்டம் இங்கே காக்கிறது.

கை படாமலேயே தீங்கு முழுமையாகிவிடுவதும் உண்டு. ஓங்கிய கையைப் பார்த்தவருக்கு இதோ விழப்போகிறது என்று நியாயமாகத் தோன்றினால் போதும். எங்கே இது நிற்கிறது, எங்கே நிற்பதில்லை என்பதற்கு நம் பக்கத்து வழக்கு ஒன்று இருக்கிறது. 1964இல் தீர்ப்புத் தொகுப்பில் அச்சேறிய ஆந்திர உயர் நீதிமன்ற வழக்கு அது. வசதியான விவசாயி ஒருவர் 11 ரூபாய் 60 காசு நிலவரி பாக்கி வைத்திருந்தார். வசூலுக்குக் கடைசி நாள். கிராம முன்சீப் ஆட்களோடு அவர் வீட்டு வாசலுக்குப் போனார். வீட்டைப் பூட்டிக்கொண்டு மனைவி பக்கத்து ஊருக்குப் போய்விட்டாள், இன்றைக்குப் பணம் இல்லை என்றார் விவசாயி. முன்சீப் விடவில்லை. காதில் கிடக்கும் கடுக்கனை ஜப்தி செய்வேன் என்று சொல்லி, கழற்றுவதற்குத் தட்டானை வரவழைத்தார். தட்டான் வந்து நின்றதும் அங்கிருந்த ஒருவர் கடன் வாங்கிப் பணத்தைக் கட்டிவிட்டார். முன்சீப் பேசாமல் போய்விட்டார்.

ஊர் பார்க்க இப்படி அவமானப்பட்டவர் 500 ரூபாய் நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டார், தோற்றார். தட்டான் வந்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை, ஒன்றும் செய்யவில்லை. அவர் பலவந்தமாகக் காதில் கை வைப்பார் என்பது அந்த நிமிடத்தில் வெகு தூரத்துச் சாத்தியம் என்றது நீதிமன்றம். சட்டப்படி தீர்ப்பில் குறை சொல்ல முடியாது. உடனடி வன்முறை வரப்போகிறதென்ற அச்சம் இந்தத் தீங்கின் அடிப்படைக் கூறு, அது இல்லை. ஆனால் நம் கிராமங்களில் அதிகாரம் ஓங்கிய கையோடு வருவதே குறைவு. தட்டானைக் கூட்டிக்கொண்டு வந்து சும்மா நிற்பதுதான் அதன் பாணி. லண்டன் கைகலப்புகளிலிருந்து பிறந்த விதி அந்தப் பாணியை அடையாளம் காணவில்லை என்பதே என் எண்ணம். 1980இல் கிராம முன்சீப் பதவி தமிழ்நாட்டில் ஒழிந்தது. பாணி ஒழிந்ததாகத் தெரியவில்லை.

அடைத்துவைத்தலுக்கு வருவோம். காரவள்ளியில் ஏறத் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள் கடந்து கொல்லிமலை மேலே போகலாம். முள்ளுக்குறிச்சி பக்கமாகவும் ஒரு பாதை உண்டு. ஒருவர் காரவள்ளியில் வண்டியை மறித்து, மேலே போகாதே, திரும்பிப் போ என்கிறார். இது சட்டவிரோதச் சிறையா? இல்லை. 1845இல் லண்டன் ஹாமர்ஸ்மித் பாலத்தில் ஒரு பக்கம் மறிக்கப்பட்டவர் போட்ட வழக்கில், எந்தப் பக்கமும் போக முடியாதபடி நாலாபக்கமும் அடைத்தால்தான் இந்தத் தீங்கு என்று தீர்ப்பானது. ஆனால் நம் குற்றவியல் சட்டம் அகலமானது. போக உரிமையுள்ள ஒரு திசையில் மறித்தாலே பாரதிய நியாய சன்ஹிதாவின் 126ஆம் பிரிவு, அதாவது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 339, பாய்ந்துவிடும். இங்கே ஆச்சரியமாகக் குற்றத்தின் வலை பெரிது, தீங்கின் வலை சிறிது.

மறுபுறம், அடைக்கப்பட்டவருக்குத் தான் அடைபட்டிருப்பது தெரிந்திருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. 1919இல் வார்னிஷ் களவு போனதாகச் சந்தேகித்து ஒரு தொழிலாளியை அலுவலக அறையில் உட்காரவைத்துப் பேசினார்கள். வெளியே இருவர் காவல் நின்றது அவருக்குத் தெரியாது. ஆனாலும் அது சிறை என்றது நீதிமன்றம். பூட்டோ கம்பியோ தேவையில்லை. காவல் நிலையத்தில் ‘அய்யா வருகிறவரைக்கும் அப்படி உட்காரு’ என்று சொல்லப்பட்டு நாள் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மனிதரும், எழுந்து போக முடியாதென்று நினைக்க நியாயமிருந்தால், சிறைப்பட்டவர்தான்.

சந்தையில் திருடன் என்று ஒருவனைப் பிடித்துத் தூணில் கட்டிவைக்கும் பழக்கத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தனி ஆள் ஒருவரைப் பிடிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் கண்ணெதிரே நடக்கும், பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க, பிணையில் விடமுடியாத குற்றமாக இருக்க வேண்டும். பிடித்தவரை 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள நியாய சன்ஹிதாவோ, 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் தடவை திருடிப் பிடிபட்டு, பொருளைத் திருப்பித் தந்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை என்கிறது. அந்த வகைத் திருட்டைப் பிடியாணையின்றிக் கைது செய்ய முடியாத, பிணையில் விடத்தக்க வரிசையில் வைத்திருக்கிறது. ஒரு கிலோ மிளகுக்காகத் தூணில் கட்டிவைத்தவர், திருட்டு உண்மையாகவே இருந்தாலும், தானே நட்டஈடு கொடுக்க வேண்டியவராகிவிடலாம்.

உடம்பையும் இடத்தையும் போலவே பேரும் காக்கப்படுகிறது. அவதூறு இந்தக் குடும்பத்தில் முழு உறுப்பினரல்ல, எண்ணமில்லாமலும் நடந்துவிடக்கூடியது. என்றாலும் ஒரு சென்னை வழக்கைச் சொல்லாமல் போக மனமில்லை. 1884இல் பார்வதி எதிர் மன்னார் வழக்கு. அவள் தாலி கட்டிய மனைவி அல்ல, பல இடங்களில் துரத்தப்பட்டவள் என்று ஒரு பெண்ணை வாயால் ஏசியிருந்தார்கள். எழுதாமல் வாயால் சொன்னதற்குப் பணநட்டம் காட்ட வேண்டுமென்பது ஆங்கிலேய விதி. அந்த விதி நியாயத்தில் ஊன்றியதல்ல, இங்கே செல்லாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். தட்டான் வழக்கில் வராத துணிச்சல் எண்பது ஆண்டுக்கு முன்பே இருந்திருக்கிறது.

அந்தத் துணிச்சலுக்கு இடம் இருந்ததற்குக் காரணம், இந்தியாவில் தீங்கியல் சட்டம் எழுதப்படவே இல்லை என்பதுதான். குற்றங்களுக்கு 1860இல் சட்டம் வந்தது, ஒப்பந்தங்களுக்கு 1872இல் வந்தது. குடிமைத் தவறுகளுக்கு பிரெடெரிக் பொல்லாக் 1886இல் ஒரு மசோதா எழுதிக் கொடுத்தார். அது சட்டமாகவில்லை. நீதி, நியாயம், நல்மனசாட்சி என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டுதான் 1873ஆம் ஆண்டுச் சென்னை உரிமையியல் நீதிமன்றச் சட்டம் முதல் இன்றுவரை வண்டி ஓடுகிறது.

ஓடுகிறது என்று சொன்னேன், நாமக்கல் போன்ற மாவட்டத்தில் அது வெகு அபூர்வமாகத்தான் ஓடும். அடிபட்டவர் போவது காவல் நிலையத்துக்கு. அங்கே புகார் கொடுத்ததற்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது. இரு தரப்பும் கூப்பிடப்பட்டு, பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, எழுதி வாங்கிக்கொண்டு ‘சமாதானமாகப் போய்விட்டது’. முதல் தகவல் அறிக்கை போட்டாலும் வழக்கு அரசுடையது. அடிபட்டவர் அதில் ஒரு சாட்சி. அபராதம் விதித்தால் அரசுக் கருவூலத்துக்குப் போகும், நீதிபதி பார்த்து ஒதுக்கினால் அவருக்கும் கொஞ்சம். தீங்கியல் வழக்கில் அவர்தான் வாதி. எவ்வளவு கேட்பது, எப்போது விட்டுக்கொடுப்பது, யாரைச் சேர்ப்பது என்பதெல்லாம் அவர் முடிவு. ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கவும் வேண்டாம், தராசு தன் பக்கம் சாய்ந்தால் போதும்.

பிறகு ஏன் யாரும் போவதில்லை? கேட்கும் தொகைக்கேற்ற நீதிமன்றக் கட்டணம் ஒரு காரணம். தமிழ்நாட்டில் அது நீண்ட காலம் நூற்றுக்கு ஏழரையாக இருந்து 2017இல்தான் 3 ஆனது. காலம் இன்னொரு காரணம். இவற்றையெல்லாம்விட, அடித்தவன் தண்டனை பெறவேண்டும் என்ற ஆசை நம்மிடம் அவ்வளவு வலுவாக இருக்கிறது. காசு வாங்கினால் விலைபோய்விட்டதாகப் பேச்சு வரும்.

வாச்சாத்தியை இந்தக் கண்ணாடி வழியே பார்த்தவர்கள் குறைவு. தர்மபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடியில் இருக்கும் ஊர். அங்கிருப்பவர்களும் கொல்லிமலையில் வாழும் அதே மலையாளிப் பழங்குடி மக்கள்தாம். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ஆலமரத்தடியில் கூட்டப்பட்ட மக்கள் அரூர் வனத்துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் சேலம் சிறையில் அடைக்கப்பட்டார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொல்லப்பட்டன, கிணறு கெடுக்கப்பட்டது.

இதுவரை சொன்ன கூறுகள் ஒவ்வொன்றையும் இங்கே வைத்துப் பார்க்கலாம். உடம்பின்மேல் நடந்தது தாக்குதலின் மிகக் கொடிய வடிவம். மரத்தடியில் உட்காரவைத்தபோதே சிறை தொடங்கிவிட்டது, அலுவலகமும் ஜெயிலும் அதன் தொடர்ச்சி. வீட்டுக்குள் புகுந்தது அத்துமீறல். தானியத்துக்கும் கால்நடைக்கும் செய்தது உடைமைமீதான தீங்கு. சோதனை போட எங்களுக்கு அதிகாரம் இருக்கிறது என்பதுதான் அதிகாரிகளின் கேடயமாக இருந்திருக்கும். அதற்கும் 1610ஆம் ஆண்டின் ஆறு தச்சர்கள் வழக்கிலேயே பதில் இருக்கிறது: சட்டம் கொடுத்த அனுமதியில் உள்ளே வந்தவர் அங்கே அக்கிரமம் செய்தால், வாசற்படி மிதித்த நிமிடத்திலிருந்தே அத்துமீறியவராகக் கருதப்படுவார்.

இத்தனை இருந்தும் வாச்சாத்தி குற்ற வழக்காகவே நடந்தது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் போராடியதால் 1995இல் உயர் நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. 269 பேர்மீது குற்றச்சாட்டு. 2011 செப்டம்பர் 29இல் தர்மபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றானது. மேல்முறையீட்டில், நேரிலேயே ஊருக்குப் போய்ப் பார்த்த நீதிபதி வேல்முருகன் 2023 செப்டம்பர் 29இல் அதை உறுதி செய்தார். 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் அரசு தரவேண்டும், அதில் 5 லட்சத்தை வன்கொடுமைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றார். செய்தவன் கையிலிருந்து பட்டவர் கைக்கு என்ற தீங்கியல் கணக்கு, 31 ஆண்டு கழித்து, குற்றவியல் தீர்ப்பின் கடைசிப் பக்கங்களில் எட்டிப்பார்க்கிறது.

1992லேயே உரிமையியல் வழக்குப் போட்டிருந்தால் ஜெயித்திருப்பார்களா என்று கேட்டால், எளிதாக ஆம் என்று சொல்லமாட்டேன். அன்று குறுக்கே நின்றது 1964ஆம் ஆண்டின் கஸ்தூரிலால் தீர்ப்பு. மீரட்டில் போலீஸ் ஒரு வியாபாரியின் தங்கத்தைப் பறிமுதல் செய்து வைத்திருந்தது, தலைமைக் காவலர் அதைச் சுருட்டிக்கொண்டு பாகிஸ்தான் போய்விட்டார். கைதும் பறிமுதலும் அரசின் இறையாண்மைப் பணிகள், நட்டஈடு கிடையாது என்றது உச்ச நீதிமன்றம். அந்தச் சுவரைச் சுற்றிப் போக ரிட் மனுக்கள் வழி கண்டன. விடுதலையான பிறகும் 14 ஆண்டு சிறையில் கிடந்த ருதுல் ஷாவுக்கு 1983இல் 30,000 ரூபாய், சட்டமன்றத்துக்குப் போகவிடாமல் கைது செய்யப்பட்ட காஷ்மீர் எம்.எல்.ஏ. பீம் சிங்குக்கு 1985இல் 50,000. காவலில் இறந்த மகனுக்காக ஒடிசாவின் நிலாபதி பெஹரா எழுதிய கடிதம் 1993இல் தீர்ப்பானபோது, அடிப்படை உரிமை மீறலுக்கு இறையாண்மை என்ற சாக்குச் செல்லாதென்பது உறுதியாயிற்று. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் இவற்றில் பணம் கொடுத்தது அரசு. தனி மனிதர்களாக அக்கிரமம் செய்தவர்களின் சட்டைப்பை பெரும்பாலும் தொடப்படவில்லை.

இறந்துபோன 54 பேர் விஷயத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 306ஆம் பிரிவுப்படி, சொத்துக்கு விளைந்த தீங்கின் வழக்கு வாரிசுகளுக்கெதிராகத் தொடரும். அவதூறு, தாக்குதல், உயிர்போகாத உடற்காயம் ஆகியவற்றின் வழக்கு ஆளோடு போய்விடும். இரு தரப்புக்கும் இதே விதி. நொறுக்கிய ஓட்டுக்குக் கணக்குக் கேட்கலாம், உடைத்த எலும்புக்குக் கேட்க முடியாது. இழுத்தடிக்கும் வழக்கில் இந்தப் பிரிவு யாருக்கு உதவும் என்பது வெளிப்படை.

இன்று பேளுக்குறிச்சியிலோ மேலே வளப்பூர் நாட்டிலோ அரியூர் நாட்டிலோ இப்படியொரு தீங்குக்கு ஆளாகும் பழங்குடிப் பெண்ணுக்கு, 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. வசதியற்றவராக மனுச் செய்தால் நீதிமன்றக் கட்டணமும் முன்கூட்டிக் கட்ட வேண்டாம். குற்ற வழக்கில் ஏதாவது தொகை கிடைத்திருந்தால் அதைக் கழித்துக்கொள்வார்களே தவிர, உரிமையியல் வழக்கை அது அடைத்துவிடாது. இடிக்கிற இடம் காலவரம்புச் சட்டம். நிலத்தில் அத்துமீறி நுழைந்ததற்கு 3 ஆண்டு கொடுக்கும் 1963ஆம் ஆண்டுச் சட்டம், சட்டவிரோதச் சிறைக்கு அதன் 73ஆம் உறுப்பிலும் பொய்வழக்குக்கு 74ஆம் உறுப்பிலும் ஒரே ஓராண்டுதான் தருகிறது. சிறைக்கான கடிகாரம் வெளியே வந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கும். அந்த ஓராண்டில் அவர் ஜாமீன் கையெழுத்துக்கு அலைந்துகொண்டிருப்பார், இடிந்த வீட்டைக் கட்டிக்கொண்டிருப்பார், அடித்தவர்களே அதே செக்போஸ்ட்டில் நின்றுகொண்டிருப்பார்கள். வரப்பைத் தாண்டியதற்கு மூன்று, ஆளை அடைத்ததற்கு ஒன்று என்ற இந்தக் கணக்குக்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. நாடாளுமன்றம் ஒரு வரித் திருத்தத்தில் சரிசெய்துவிடக்கூடியது இது.